பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட்

“ஏனுங்க மாமா, வண்டிய எடுக்கறதா, இல்ல பேட்டரிக்குத் தாலாட்டுப் பாடிட்டே இருக்கறதா?”

அந்தியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த சாமுவேல், அக்கா ரூத் நீட்டிய காப்பியை வாங்காமலே கேட்டான்.

அக்கா கணவர் டேவிட்சன், வேனின் பேட்டரிப் பெட்டிக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவில்லை.

“அவசரப்படாதீங்க மாப்ளை. நிறுத்தி வெச்ச பேட்டரிக்குத் திடீர்னு வேல குடுத்தா அது மெரண்டுரும்.”

“மாடா மாமா அது, மெரளறதுக்கு?”

கணபதி ஏரியாவில், டேவிட்சன் வீட்டுக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகையில் நின்றது அந்தக் கேம்பர் வேன். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேஜை, குட்டி ஃபிரிட்ஜ். வாங்கி இரண்டு வருஷமாகிறது. கொட்டகைக்குள் போனதுதான், அப்புறம் ஓர் அடிகூட நகரவில்லை.

ஆனால் பேட்டரிக்கு நடந்த உபசாரம் பெரிய ஆஸ்பத்திரியில்கூடக் கிடைக்காது. சனிக்கிழமை தவறாமல் சார்ஜர். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர். டெர்மினலுக்கு வாசலின். சும்மா நிற்கும்போது கரன்ட் கசியக்கூடாது என்று நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டி வைத்திருந்தார். தினமும் காலையில் மீட்டர் வைத்து அளந்து, ‘12.7 வோல்ட். புறப்படத் தயார்’ என்று ஸ்டேட்டஸ். சர்ச் கமிட்டிச் செயலாளர் என்பதால் சபையே அதைப் பார்த்து ஹார்ட் போடும்.

அத்தோடு விட்டிருக்கலாம். கிறிஸ்துமஸ் அன்று மாமனார் வீட்டில், பிரியாணிச் சட்டி பாதி காலியான நேரத்தில், “மே மாசம் எல்லாரும் நம்ம வேன்லயே தரங்கம்பாடி போறோம்” என்று வாயை விட்டார். சாமுவேல் வீட்டில் ஏழு பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். லீவு போட்டாச்சு, ரூம் போட்டாச்சு. நாளைக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும். வண்டி நகராவிட்டால், மாமனார் வீட்டில் இனி எந்த விசேஷத்திலும் டேவிட்சன் தலை நிமிர்ந்து சோறு தின்ன முடியாது.

அப்படியிருந்தும் பத்து நாளாகப் போனில், பேட்டரி பேட்டரி என்று தள்ளிக்கொண்டே வந்தார். சாமுவேல் இன்று மெக்கானிக்கையே கூட்டிவந்துவிட்டான்.

“மைதீனண்ணா, நீங்களே பாருங்க.”

மைதீன் பிச்சை டெஸ்டரை வைத்தார். முள் துள்ளி எழுந்து பச்சையில் நின்றது. அவர் டெஸ்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் பச்சை.

“ஏனுங்கண்ணா, இது பேட்டரிங்களா, பச்சக் கொழந்தைங்களா? எங்கடைக்கு வாரவனெல்லாம் செத்தத தூக்கிட்டு வந்து உசுரு குடுன்னு நிக்கறான். இத நீங்க கண்காட்சில வெக்கலாமுங்க.”

மற்ற நாளாக இருந்தால் இந்த வார்த்தையை டேவிட்சன் ஸ்டேட்டஸாகவே போட்டிருப்பார். இன்று முகத்தில் வேர்த்தது.

“ஓய்வுல இருக்கறப்ப அப்பிடித்தான் காட்டுமுங்க. வேலன்னு வந்தாத்தான் தெரியும். ஒரு வாரம் பாத்துப்போட்டு...”

“நாளைக்குப் பயணம் மாமா.”

“டயரு ரெண்டு வருஷமா ஒரே எடத்துல நின்னுருக்குது...”

“காத்துப் புடிச்சாச்சுங்க,” என்றார் மைதீன் பிச்சை.

“டீசலு பழசு மாப்ளை.”

“அஞ்சு லிட்டரு கேன்ல கொண்டாந்திருக்கறனுங்க மாமா. அக்கா, நீயாச்சும் சொல்லு இவருகிட்ட.”

ரூத் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். “அவரு வண்டி, அவரு பேட்டரி. என்னைய எதுக்குடா இழுக்கற?”

“சொல்லுங்க மாமா. வண்டி குடுக்க மனசில்லைன்னா நேராச் சொல்லிப்போடுங்க. நான் டெம்போ பேசிக்கறேன். ஆனா எங்கப்பா கேட்டா, மருமகனுக்கு நம்மள விட பேட்டரிதான் பெருசுன்னு சொல்லிப்போடுவேன்.”

“ஐயோ, அப்பிடியெல்லாம் சொல்லிராதீங்க மாப்ளை.”

“அப்பச் சாவியக் குடுங்க.”

டேவிட்சன் மனைவியைப் பார்த்தார். அவள் சமையலறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவர் பையிலிருந்து சாவியை, பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி எடுத்துக் கொடுத்தார். மைதீன் பிச்சை சாக்ஸை உருவி ஒயரை மாட்டினார்.

ஒரே திருகு. வேன் சிங்கம் மாதிரி உறுமியது.

“பாத்தீங்களா மாமா, மெரளவே இல்ல,” என்று சிரித்தபடி சாமுவேல் கியர் போட்டான். கொட்டகையை விட்டு வெளியே வந்து, வீட்டின் பக்கவாட்டில் திரும்பி, முன்வாசல் பக்கம் வந்து சடக்கென்று பிரேக் அடித்தான்.

வண்டி வாங்கின சமயம் அவன் வந்தபோது பன்னிரண்டு அடி இரும்புக் கேட் இருந்த இடத்தில், பெயின்ட் அடித்த சுவர் நின்றது. காலையில் ஆள் மட்டும் நுழையக்கூடிய பின்சந்து வழியாக வந்தவன் அதைக் கவனிக்கவில்லை. இறங்கிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். கெட்டியாகத்தான் இருந்தது.

“மாமா, கேட் எங்கீங்க?”

“மாத்திப்போட்டேன் மாப்ளை. அந்தா, வடகெழக்கு மூலைல.”

அங்கே இருந்தது மூன்றடிக் கேட். ஸ்கூட்டரே கண்ணாடியை மடக்கினால்தான் போகும்.

“இத்தன பெரிய வண்டிய உள்ள வெச்சுப்போட்டு, எதுக்குங்க மாத்துனீங்க?”

டேவிட்சன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மச்சினன் காதோரம் குனிந்தார்.

“சபைல சொல்லிப்போடாதீங்க. வண்டி வாங்குன புதுசுல ஒரு வாஸ்துக்காரரு வந்தாருங்க. கேட்ட அந்த மூலைல வெச்சா, நமக்குத் தூரப் பயணம் ஓயவே ஓயாதுன்னாரு.”