பிதுக்குகிற விரல்

விவேக் நகர்ச் சந்தில் இருக்கும் அந்தச் சின்ன உணவகத்துக்குத் தினமும் பின்கதவு வழியாகப் பிதுக்குப்பருப்பு கொடுத்துவிட்டுப் போகிற ஸ்டெல்லா, இன்றுதான் முன்வாசல் வழியாக உள்ளே வருகிறாள். சுவரில் அவளை வரைந்திருப்பதாகத் தெருவே சொல்கிறது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் படத்தின்மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. களியைக் குழம்பில் புரட்டுகிறவர்கள் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். வரைந்த விக்கி, பெயிண்ட் காயாத கையோடு மூச்சைப் பிடித்து நிற்கிறான். அவள் முகத்தை ஒரு கணம்தான் பார்க்கிறாள். பிறகு மூக்கு சுவரில் படுமளவுக்கு, படத்தில் மொச்சை பிதுக்குகிற கைகளை நோக்கிக் குனிகிறாள். "மூஞ்சி சரிதான்பா. கட்டைவிரல்தான் தப்பு. இப்டி புடிச்சா பருப்பு நசுங்கிரும்." "அப்போ எப்டிக்கா?" ஸ்டெல்லா தன் தூக்குச்சட்டியில் தோலோடு மிஞ்சியிருந்த ஊறிய மொச்சை ஒன்றை எடுத்து அழுத்துகிறாள். தோல் விரலில் தங்க, பருப்பு துள்ளிப்போய் யாருடைய தட்டிலோ விழுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். விக்கி சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி, மெதுவாக்கா." அவள் மெதுவாகப் பிதுக்கிக் காட்டுகிறாள். அவன் தூரிகையை வெள்ளையில் தோய்த்து, மூன்று நாள் வேலையில் அந்தக் கட்டைவிரலை மட்டும் தயங்காமல் அழிக்கிறான். சுவரில் இப்போது கட்டைவிரல் இல்லாத ஒரு கை. அது எப்படி வரப்போகிறதென்று பார்க்க, ஸ்டெல்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.