பூசணத்தை எழுப்பியவர்

“கரும்புப் பூசணத்த எழுப்பினதே நான்தான் தம்பி. ‘எழுந்திருடா’ன்னு ஒரு அதட்டல் போட்டேன், அலறியடிச்சிக்கிட்டு எழுந்துடுச்சு!”

பீங்கான் ஆலையில் ஓய்வு பெற்று, விருத்தாசலத்து ஆய்வுக்கூடத்துக்குக் காவலாளியாக வந்த அப்துல்லா பாயின் பேச்சைக் கேட்டு ஆய்வாளர் கிருஷ்ணபிரசாத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்ணாடத்துக் கரும்பை அழுக வைக்கும் பூசணம் அது. கரும்பைத் தாக்கும் அதன் மரபணு, கண்ணாடித் தட்டில் எட்டு மாதம் கும்பகர்ணத் தூக்கம் போட்டது. அது விழித்து வேலை செய்தால்தான் அழுகலுக்கு மருந்து தேட முடியும். போன மாதம் ஒரே ஒரு தட்டில் விழித்தது. ‘என் புதிய ஊட்டக் கலவையின் வெற்றி’ என்று மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டார் கிருஷ்ணபிரசாத். நேரில் பார்க்க நிபுணர் குழு கிளம்பிவிட்டது. அதன்பின் நாற்பது தட்டு வைத்தும் ஒன்றுகூட விழிக்கவில்லை. எழுதியதை விழுங்கவும் வழியில்லை, நிரூபிக்கவும் வழியில்லை.

“சும்மா இருங்க பாய். பூட்டின ரூமுக்குள்ள நீங்க எப்படிப் போனீங்க?”

“எங்க போனேன்? போன மாசம் உள்ள பெருக்கிக்கிட்டு இருந்தேன். ஆள் இருக்குதான்னு பார்க்காம பூட்டிட்டு, நீங்க திட்டக்குடி பஸ்ஸு ஏறிட்டீங்க. மூணு மணி நேரம்! பசிக்கு அங்க கெடந்த கரும்பக் கடிச்சேன். சும்மா ஒரு தட்டத் தொறந்து பார்த்தேனா, சாறு சொட்டிடுச்சு. பயத்துல மூடிட்டேன்.”

கிருஷ்ணபிரசாத் உடனே ஒரு தட்டில் கரும்புச்சாறு விட்டார். மறுநாள் மரபணு விழித்திருந்தது.

“பிரமாதம்! கலவையில என்ன சேர்த்தீங்க?” என்றார் வந்து பார்த்த நிபுணர் குழுத் தலைவர்.

கிருஷ்ணபிரசாத் வாசலைப் பார்த்தார். பாய் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

“கலவை இல்லீங்க சார். எழுப்பினது அவருதான்.”