சதைக் கணக்கு

“உங்க மிஷினு பொய் சொல்லுது பாப்பா!”

சென்னம்மாள் போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் மிஷின் மேல் வெறுங்காலோடு, இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் கிடைக்காத பஸ் பயணிபோல் நின்றிருந்தார் அவள் கணவர் தீர்த்தகிரி.

அளவெடுக்கும் பெண் மெஹக், கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்தாள். அதே எண்தான்.

தீர்த்தகிரிக்கு அதியமான்கோட்டை ஹைவேயில் பரோட்டாக் கடை. நாலு மாதத்துக்கு முன்பு, தருமபுரியில் இந்த ஆஸ்பத்திரியில்தான் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். எடை மளமளவென்று இறங்கியது. இடுப்பில் புதைந்து கிடந்த வெள்ளி அரைஞாண் இப்போது இரண்டு சுற்று வருகிறது.

சந்தோஷப்படலாம் என்றால், கொழுப்போடு சதையும் சேர்ந்து போகிறது என்று மாதாமாதம் காட்டிக்கொடுக்கிறது இந்த மிஷின்.

“கொழுப்பு கரையணும்யா, சதை கரையக் கூடாது. அடுத்த மாசமும் சதை கொறஞ்சுதுன்னா அட்மிஷன்தான். மூக்குல டியூப் வுட்டுத்தான் சத்து ஏத்தணும்” என்று போன தடவையே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த மாதமும் குறைந்திருந்தது.

“தெனம் என்னம்மா குடுக்கறீங்க?” என்று கேட்டாள் மெஹக்.

“காலையில ரெண்டு முட்டை. மத்தியானம் கோழி, இல்லாங்காட்டி கொண்டக்கடலை. சாயங்காலம் பன்னீரு. ராத்திரிக்கு அந்தப் புரோட்டீன் பவுடரு, ஒரு சொம்புப் பால்ல. டாக்டரம்மா சொன்னதுல ஒண்ணு வுட்டிருப்பனா? ஒரு பருக்கை வீணாப் போனது கெடயாது. தட்டு கழுவி வெச்சாப்பல இருக்கும்!”

“அப்பிடிங்களாய்யா?”

தீர்த்தகிரி ஃபேனை அண்ணாந்து பார்த்தார். “ஆமாங்க. எல்லாம் காலியாயிடுதுங்க.”

சென்னம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இவரு அக்கா குள்ளம்மா ஊரு பூரா என்ன பேசிக்கிட்டுத் திரியறா தெரியுமா? ‘எந்தம்பியச் சோறு போடாமயே கொல்றா’ன்னு! இதுல டியூபு வேற வெச்சீங்கன்னா நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வூட்ட வுட்டு வெளிய வர்றது?”

“அழுவாதீங்கம்மா. மொதல்ல உக்காருங்க. லிப்டு வேற ஓடல, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க.”

“மூணு மாடியெல்லாம் ஒரு மாடியா?” என்றாள் சென்னம்மாள். ஒரு கையில் கணவர், ஒரு கையில் கட்டைப் பை என்று இரண்டையும் தாங்கி ஏறி வந்தவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. “நீ என்னைய ஏத்திப் பாரு பாப்பா. மொத நாளு ஏத்துன இல்ல? அந்தக் கணக்கு இருக்குமில்ல?”

இருந்தது. மிஷினில் லேசாகக் கரண்டு ஓடும் என்று கேள்விப்பட்டதும், தீர்த்தகிரி அன்றைக்கு, “நீ மொதல்ல ஏறு” என்று மனைவியைத்தான் ஏற்றிவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பையே கழற்றினார். அவளுக்குச் சதை ரொம்பக் கம்மி என்று அன்று மிஷின் காட்டியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேஷன்ட் அவள் இல்லையே.

சென்னம்மாள் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள்.

சதை இரண்டு கிலோ கூடியிருந்தது.

மெஹக் சந்தேகத்துக்குத் தானும் ஏறிப் பார்த்தாள். போன வாரம் என்ன காட்டியதோ அதையே காட்டியது. மிஷினில் கோளாறு இல்லை.

“பாத்தியா! நாஞ் சொல்லல?” சென்னம்மாளுக்கு ஜெயித்த குஷி. “நா எப்பவும்போலதான இருக்கறேன், எனக்குப் போயி ஏத்திக் காட்டுதே! பொய்யிதான?”

தீர்த்தகிரி மெதுவாகக் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மெஹக் அவரையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

“ஏம்மா, ஜிம்மு கிம்முக்கு எதுனா போறீங்களா?”

“நல்லாக் கேட்ட போ. கடையில மாவு பெசையறவளுக்கு ஜிம்மு ஒரு கேடா?”

“அப்ப... நீங்க தெனம் என்னதான் சாப்பிடறீங்க?”

“நானா?” இத்தனை நாளில் அதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதுபோல் சென்னம்மாள் சிரித்துவிட்டாள்.

“எனக்குன்னு தனியா என்ன பாப்பா? கலியாணம் ஆன நாள்லேர்ந்து, இவரு தட்டுல மிச்சம் வெக்கறதுதான்.”