பென்சில் படம்

"உங்க தம்பிக்காகத்தானே இதைச் செய்யறீங்க?" என்று நௌஷாத் கேட்டதும் ஈஸ்வரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவன் திரையில் மறுபடியும் அதே செய்தி. அவனுடைய பதிவை வேறு யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள், இப்போது மாற்ற முடியாது.

தஞ்சாவூரில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் அது. காத்திருப்பவர்களின் விவரமெல்லாம் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலாக இருந்தது. ஹாலில் நௌஷாத்தும் ஈஸ்வரியும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக அதைத் திறந்து வேலை பார்த்தார்கள். ஃபைல் முரண்டுபிடித்தால் சரிசெய்ய நௌஷாத்தை விட்டால் ஆளில்லை.

அவனும் காத்திருப்பவன்தான். தோஹா கம்பெனி ஒவ்வொரு தடவையும் ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டரை எடுத்தது. பெயருக்கு நேரே 'தயார்' என்று மாற்றினால்தான் பட்டியலில் அச்சாகும். போன இரண்டு பட்டியலிலும் இதே பூட்டு விழுந்து அவன் பெயர் விட்டுப்போயிற்று. இது கடைசிப் பட்டியல். இந்தத் தடவை அதே வேலைக்கு அவனுக்கு அடுத்து நிற்பவன் ஈஸ்வரியின் தம்பி அரவிந்தன்.

"மத்தியானம் பாதிச் சோத்தை எனக்குப் போட்டுட்டு, இந்தப் பக்கம் இப்படியா அக்கா?"

"சோறு போட்டது தப்புதான்" என்றாள் ஈஸ்வரி. "ரெண்டு மிஷினையும் ஆஃப் பண்ணிப் பாரு. யாருன்னு தெரிஞ்சிடும்."

"பண்ணினா அடையாளமே இல்லாமப் போயிடும். அதுக்குத்தானே சொல்றீங்க?"

சத்தம் கேட்டு முதலாளி நெய்னா முகம்மது வெளியே வந்தார். நௌஷாத்தின் உம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. முத்துப்பேட்டையில் சும்மா திரிந்தவனைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்.

"மௌஸைப் புடிச்சாலே எனக்குக் கை நடுங்கும். எனக்கு என்ன தெரியும் மருமவனே? திருத்தி முடிக்காம அப்படியே விட்டா ஓரத்துல பென்சில் படம் நிக்கும், அது போற வரைக்கும் மத்தவங்க தொட முடியாதுன்னு நீதானே சொன்னே. ஹால்ல இருக்கறது ரெண்டே பேரு. நான் என்னத்தச் சொல்ல?"

ஈஸ்வரி இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என் தம்பி அந்தக் கம்பெனிக்குப் போகமாட்டான். அவன் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நேரம் ஆகிவிட்டது என்று மாமா அவசரப்படுத்தினார். தன் பெயர் இல்லாத பட்டியலை நௌஷாத் தன் கையாலேயே அச்செடுத்துக் கொடுத்தான். அவர் அதை ஃபேக்ஸில் விட்டார்.

"மிஷின் விடலையேப்பா, என்ன பண்றது" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு டீ வாங்கக் கீழே போனார்.

நௌஷாத் தன் நாற்காலிக்குத் திரும்பினான். பிறகு பழக்கத்தில் தன் பதிவைத் திறந்து ஓர் எழுத்தைத் தட்டினான். அதே செய்தி வந்தது.

ஈஸ்வரியின் திரை எதிரே இருண்டு கிடந்தது.

எழுந்து மாமாவின் அறைக்குப் போனான். ஃபைலை வைத்திருப்பதற்காகவே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். அதன் முன்னால் யாரும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. மௌஸை அசைத்ததும் திரையில் நீந்திய மீன்கள் மறைந்தன. அவனுடைய பெயர். பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு புள்ளி. ஓரத்தில் பென்சில்.

வாசலில் மாமா நின்றார், இரண்டு கையிலும் டீ கிளாஸோடு.

"மாமா, இது என்ன?"

அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. ஒரு கிளாஸை அவனிடம் நீட்டினார்.

"நீயும் போயிட்டா, இந்த மாதிரி பூட்டிக்கிட்டா யாரு மருமவனே எடுத்து விடுவா?"