பொய்ச்சாட்சி

கடவுள் இருப்பதை நிரூபிப்பதாகச் சொல்லப்படும் பழைய வாதம் ஒன்று தவறானது என்று, கல்லூரியில் தத்துவம் நடத்தும் அருமைநாயகம் கட்டுரை எழுதினார். அவர் போகும் தேவாலயத்தின் சபைக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

"ஞாயித்துக்கெழம இங்க பிரசங்கம் பண்ணுதீங்க. அங்க போயி ஆண்டவரு இல்லன்னு எழுதலாமா சார்?" என்றார் செயலாளர் பொன்னுத்துரை.

"இல்லன்னு எங்கய்யா எழுதினேன்? அந்த வாதம் நிக்காதுன்னுதான் எழுதினேன். அவருக்காக நான் பொய்ச்சாட்சி சொல்லணுமா?"

இனி அவர் பிரசங்கிக்க வேண்டாம் என்று முடிவானது. போதகர் வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிறும் அருமைநாயகம் மனைவியோடு கோயிலுக்கு வந்தார். பாட்டுகளை எல்லோரோடும் சேர்ந்து பாடினார். திருவிருந்துக்கு முழங்காலிட்டு, கைகளை ஏந்திக் காத்திருந்தார். போதகர் அப்பத்தை வைத்தார். வைத்த பிறகும் அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் பொன்னுத்துரை இருமினார்.