கூண்டின் உள்பக்கம்

நாய்க்குட்டிக்குச் செய்த கூண்டுக்கு டீச்சர் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய். வெல்டிங் பட்டறைக்காரர் மூன்றாம் முறையாக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க செஞ்ச கூண்டுல ஏதோ குறை இருக்குண்ணே. குட்டி ஒரு காலை உள்ள வைக்குது, உடனே கத்திக்கிட்டு ஓடுது. அது உள்ள போய்ப் படுக்கட்டும், பாக்கியத் தந்துடுறேன்."

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. "இரும்புல என்னம்மா குறை? பழக்குறதுலதான் குறை. பிடிச்சு உள்ள தள்ளியிருப்பீங்க."

"ஐயோ, இல்லண்ணே! பழைய போர்வை விரிச்சிருக்கேன். சோத்தை உள்ளதான் வைக்கிறேன். கதவைச் சாத்துறதே இல்ல. பக்கத்துலயே உட்கார்ந்து கொஞ்சுறேன்."

"ஊர்ப்பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க, ஒரு நாய்க்குட்டிய உட்கார வைக்கத் தெரியலையே!"

டீச்சரின் முகம் வாடிப்போனது. பணம் எடுக்க உள்ளே போனார்.

ஜெயித்த தெம்பில் பட்டறைக்காரர் குந்தி உட்கார்ந்து, குட்டியைக் கூப்பிட்டபடி கூண்டுக்குள் கையை விட்டார். வாசல் கம்பியின் உள்பக்கம் விரலைச் சுரீரென்று கிழித்தது. வெல்டிங் பிசிறு. கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம் வழவழவென்று ராவியவர், உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கே அரத்தையே காட்டவில்லை.

குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். மயிருக்கு அடியில் அதே கீறல்.

"மன்னிச்சுக்குங்கண்ணே, எனக்குத்தான் பொறுமை பத்தல." டீச்சர் பணத்தை நீட்டினார். "எண்ணிப் பார்த்துக்குங்க."

பட்டறைக்காரர் தலை நிமிரவில்லை. ரத்தம் கசிந்த விரலை மட்டும் காட்டினார்.

"குத்தம் உங்க மேலயும் இல்ல, குட்டி மேலயும் இல்லம்மா. அந்தப் பாக்கி எனக்கு வேணாம். நான் போய் அரம் எடுத்துட்டு வர்றேன்."