வெறும் கேப்சூல்தானே!

"ஐயோ, என் கிட்னியைப் பாழாக்கிட்டாளே!"

ஆஸ்பத்திரியில், மருந்தாளுநர் அறைக்குள் அக்கா போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த மகராசி அவள். கொடுத்து மாதங்கள் ஆகியும் "என் கிட்னி" என்றுதான் சொல்வாள். வாங்கிக்கொண்ட தம்பி, பஸ் டிரைவர். மறுபடி வண்டி ஓட்ட டாக்டரிடம் அனுமதி கேட்கலாம் என்று ஆசை ஆசையாக வந்திருந்தார்.

"மருந்தை ஒழுங்கா அளந்து குடுக்கத் துப்பில்லை. இவளை நம்பி ஒப்படைச்சேன் பாருங்க!"

தம்பி மனைவி தலைகுனிந்து நின்றாள்.

மருந்தாளுநருக்கும் பகீர் என்றுதான் இருந்தது. கிட்னி மாற்றியவர்களுக்கு மருந்து சரியாகப் போகிறதா என்று கவனிப்பதே அவள் வேலை. ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்கு ஏறியிருப்பதாக ரிப்போர்ட். அளவைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தப்பாகக் குறைத்தால் உடம்பே புதுக் கிட்னியை எதிர்த்துக் கிளம்பிவிடும்.

எங்கேயோ இடிக்கிறதே!

"காலையில ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?"

"ஒரு மாத்திரைகூடப் போடலை மேடம். கூடாதுன்னு சொன்னீங்களே," என்றார் டிரைவர். "வெறும் கேப்சூல் மட்டும்தான்."

"என்னது?"

"அது மாத்திரை இல்லையே மேடம். கேப்சூல்தானே?"

மருந்தாளுநர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"ஐயா, அந்தக் கேப்சூலைத்தான் ரத்தத்துல அளக்கறோம்! போட்ட கையோட அளந்தா ஏறித்தான் காட்டும். யார் எடுத்துக் குடுத்தது?"

மனைவி ஒரு கணம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்."

"மாத்திரை, கேப்சூல் ரெண்டும் கூடாதுன்னு உங்ககிட்டதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! கவனம் எங்கேம்மா இருந்துச்சு?"

பிடி பிடி என்று பிடித்தாள். அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மருந்தாளுநர் போனை எடுத்தாள்.

"சார், அளவைக் குறைச்சிடாதீங்க! ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே கேப்சூல் போட்டிருக்கார். நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்த்துடலாம்."

"அடடா, நல்லவேளை கேட்டீங்க! அப்படியே செய்ங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் மருந்தாளுநர் ரிப்போர்ட்டும் கையுமாக ஓட்டமும் நடையுமாய் வந்தாள்.

"கனகச்சிதமா இருக்கு! எப்பவும் போடற அளவே போதும். வண்டியும் ஓட்டலாம்னுட்டார் டாக்டர்!"

டிரைவர் உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்கம்மா."

"சரி மேடம்."

இருவரும் வெளியே போனார்கள். அக்கா போகவில்லை.

"மேடம், அவளைத் திட்டாதீங்க. அவ குளிக்கப் போயிருந்தா. குடுக்க மறந்துட்டான்னு நினைச்சு அந்தக் கேப்சூலை எடுத்துக் குடுத்தது நான்தான். சொல்ல வந்த தம்பியையும் அவ சாடை காட்டி அடக்கிட்டா."

மருந்தாளுநருக்குச் சுருக்கென்றது. "அப்புறம் ஏன் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கிட்னியையே குடுத்தவங்க நீங்க. ஒரு கேப்சூலைக் குடுத்ததுக்கு உங்களைத் திட்டு வாங்க விடுவேனா அண்ணி'ங்கிறா!"